எளிய உரைக்கோப்பு சரியாகத் தெரியவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு கணினியில் ஒழுங்காகத் தெரிந்த உரைக்கோப்பு இன்னொன்றில் அலங்கோலமாகத் தெரிந்தால், பலரும் முதலில் எழுத்துருவை மாற்றிப் பார்க்கிறார்கள். அது பலிக்காதபோது கண்ணில் பட்ட பிழைகளைக் கையால் திருத்திச் சேமித்துவிடுகிறார்கள். உண்மையான சேதம் நேர்வது இந்த இரண்டாவது செயலால்தான். பெரும்பாலான நேரங்களில் கோப்பில் உள்ள பைட்டுகள் (எழுத்துகளைக் குறிக்கும், 0 முதல் 255 வரையான எண்கள்) நலமாகவே இருக்கின்றன; திறந்த மென்பொருள்தான் எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் வேறோர் அட்டவணையை வைத்துக்கொண்டு அவற்றைப் படித்திருக்கிறது. அப்படித் தவறாகப் படித்ததைச் சேமிக்கும்போது, அதுவரை திரையில் மட்டும் இருந்த பிழை கோப்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: எதையும் சேமிக்காமல் கோப்பை மூடிவிட்டு, அதன் நகல் ஒன்றை எடுத்து, கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளையும் அந்த நகலில் மட்டும் செய்ய வேண்டும். மூலக்கோப்பு கடைசி வரை தொடப்படாமல் இருக்கட்டும்.

சோதிப்பதற்கு, கோப்பின் குறியாக்கத்தையும் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை) வரிமுடிவு வகையையும் வெளிப்படையாகக் காட்டும் உரைத்திருத்தி ஒன்று வேண்டும். நோட்பேட்++, விஷுவல் ஸ்டுடியோ கோட், கேட் ஆகிய மூன்றும் இவற்றைச் சாளரத்தின் அடியிலுள்ள பட்டையிலேயே காட்டுகின்றன. சொற்செயலிகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். அவை தாமாகவே மேற்கோள் குறிகளையும் இடைவெளிகளையும் மாற்றிவிடுவதால், எது பழைய பிழை, எது புதிய பிழை என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

தமிழ் இருந்த இடத்தில் மேற்குறி இட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வருகின்றன

தலையில் சாய்கோடு இட்ட சிறிய லத்தீன் ‘ஏ’யும், அதை ஒட்டி வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுதிய பதிவுக்குறியும் வரிக்கு வரி மீண்டும் மீண்டும் வருமானால், நோய் இன்னதென்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்: யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்ட தமிழ்க் கோப்பை மென்பொருள் விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையைக் கொண்டு படித்திருக்கிறது.

உலக எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுத்தரம் யூனிகோட். அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட எண்கள், அதாவது குறியெண்கள், 2944 முதல் 3071 வரை உள்ளவை. யூனிகோட் எண்களைக் கோப்பில் எழுதும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 இவை ஒவ்வொன்றையும் மூன்று பைட்டுகளாக எழுதுகிறது. அவற்றில் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண். கோப்பில் பதினைந்து பைட். முதல் மூன்று பைட்டுகள் 224, 174, 164. கடைசி மூன்று 224, 175, 141. விண்டோஸ்-1252 அட்டவணையில் 224 என்பது அந்த மேற்குறி இட்ட ‘ஏ’. 174 என்பது பதிவுக்குறி. எந்தத் தமிழ் உரையைத் தவறாகத் திறந்தாலும் இதே இரட்டை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கான தீர்வு எளிது. கோப்பில் எதையும் மாற்றாமல், திருத்தியிடம் ‘இதை யூடிஎஃப்-8 ஆகப் படி’ என்று சொன்னால் போதும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் கீழ்ப்பட்டையில் உள்ள குறியாக்கப் பெயரைச் சொடுக்கி ‘ரீஓப்பன் வித் என்கோடிங்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ‘சேவ் வித் என்கோடிங்’ என்ற தேர்வும் இருப்பதால் கவனம் தேவை: முன்னது படிக்கும் முறையை மட்டும் மாற்றுகிறது, பின்னது பைட்டுகளையே மாற்றி எழுதுகிறது. நோட்பேட்++ இலும் இதே வேறுபாடு உண்டு. ‘கன்வர்ட்’ என்று தொடங்கும் தேர்வுகள் எல்லாம் உள்ளடக்கத்தை மாற்றுபவை. உரை திரையில் சரியாகத் தெரியும் வரை அவற்றின் பக்கம் போகக் கூடாது.

யூடிஎஃப்-8 ஆகத் திறந்தும் அதே லத்தீன் குப்பை தெரிந்தால், யாரோ ஏற்கெனவே தவறாகத் திறந்து சேமித்திருக்கிறார்கள் என்று பொருள். கோப்பின் அளவு மூலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருத்திருந்தால் இந்த ஐயம் உறுதியாகிவிடும். ஏனென்றால் முன்பு ஒரு பைட்டாக இருந்தது ஒவ்வொன்றும் இப்போது தனி எழுத்தாக எண்ணப்பட்டு, இரண்டு அல்லது மூன்று பைட்டுகளாக எழுதப்பட்டிருக்கும். இதைப் போன வழியிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும்: குறியாக்கத்தை மாற்றித் தரும் ‘ஐகான்வ்’ கட்டளைக்கு மூலக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்றும் இலக்கு விண்டோஸ்-1252 என்றும் கொடுத்து மாற்றி, கிடைக்கும் கோப்பை யூடிஎஃப்-8 ஆகத் திறக்க வேண்டும். பெரும்பாலும் தமிழ் மீண்டு வரும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழை அது குறிப்பாகத் தாக்குகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டவை. தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட்டைப் பார்த்தால், 129 என்பது உகரக் குறிக்கும், 141 என்பது புள்ளிக்கும், 143 என்பது ‘ஏ’ என்ற உயிரெழுத்துக்கும், 144 என்பது ‘ஐ’க்கும் உரியது. தவறாகத் திறந்த மென்பொருள் இந்த வெற்றிடங்களைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாகவேனும் காப்பாற்றி வைத்திருந்தால் உரை முழுதாகத் திரும்பும். வினாக்குறியாக மாற்றியிருந்தாலோ, விட்டுவிட்டிருந்தாலோ, மீட்ட உரையில் புள்ளிகளும் உகரங்களும் இருந்த இடங்கள் மட்டும் சிதைந்திருக்கும். மீட்டபின் பல சொற்களில் மெய்யெழுத்துகளுக்கு அடுத்து வினாக்குறியுள்ள கறுப்புச் சாய்சதுரம் வந்தால் நடந்தது இதுதான். கடுமையாகச் சோதிக்கும் மாற்றிகள் இந்த இடங்களில் பிழை காட்டி நின்றுவிடவும் கூடும். அப்போது பைத்தான் போன்ற மொழியில் சிறு நிரல் எழுதி, அந்தக் கட்டுப்பாட்டுக் குறிகளை அதே எண்ணுள்ள பைட்டாக மாற்றிக்கொள்ளும்படி செய்யலாம். இழப்பு நேர்ந்துவிட்டிருந்தால், புள்ளியையும் உகரத்தையும் சொல்லின் பொருளை வைத்து மனிதர்தான் மீண்டும் இட வேண்டும்.

வினாக்குறிகள் தெரிகின்றன

வினாக்குறி இரண்டு வகை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வெள்ளை வினாக்குறி தெரிந்தால், மென்பொருள் கோப்பை யூடிஎஃப்-8 என்று கருதிப் படித்தபோது அந்த முறைக்குப் பொருந்தாத பைட்டைச் சந்தித்து, அதன் இடத்தில் மாற்றுக்குறியைக் காட்டுகிறது என்று பொருள். கோப்பு வேறொரு குறியாக்கத்தில் இருக்கலாம். சேமிக்காத வரை மூலப் பைட்டுகள் பத்திரமாகவே உள்ளன. சேமித்துவிட்டால் அந்த இடங்களில் எல்லாம் 239, 191, 189 என்ற ஒரே மூன்று பைட்டுகள் எழுதப்பட்டு, எது எந்த எழுத்தாக இருந்தது என்ற செய்தி அழிந்துவிடும்.

தமிழ் எழுத்துகள் அனைத்துக்கும் பதிலாகச் சாதாரண வினாக்குறிகள் வரிசையாக நின்று, ஆங்கிலமும் எண்களும் மட்டும் சரியாக இருந்தால், கோப்பு ‘ஆன்சி’ என்ற தேர்வில், அதாவது விண்டோஸின் பழைய மொழிவாரி அட்டவணை ஒன்றில், சேமிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி அட்டவணை எதுவும் இல்லை. தமிழ் அங்கே யூனிகோட் வழியாக மட்டுமே இயங்குகிறது. ஆகவே ஆன்சியாகச் சேமிக்கும் கணத்தில் ஒவ்வொரு குறியெண்ணும் 63 என்ற ஒரே பைட்டாகிவிடுகிறது. இதற்கு மருந்து கிடையாது. இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு நேரத்தைச் செலவிடாமல், அனுப்பியவரிடமிருந்தோ, காப்புநகலிலிருந்தோ, திருத்தியின் தற்காலிகக் கோப்பிலிருந்தோ மூலத்தைத் தேடுவதே வழி. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் புதிய கோப்புகளை யூடிஎஃப்-8 ஆகவே சேமிக்கிறது என்றாலும், பழைய கணினிகளில் ஆன்சிதான் முன்னிருப்பாக உள்ளது; சேமிக்கும் பெட்டியின் கீழே உள்ள குறியாக்கப் பட்டியலைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது.

வெற்றுக் கட்டங்கள் தெரிகின்றன

இது எழுத்துருச் சிக்கல் மட்டுமே. கோப்பில் குறை எதுவும் இல்லை. தமிழ் எழுத்துகளைக் கொண்ட எழுத்துரு ஒன்றை நிறுவினால் தீர்ந்துவிடும்: விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ உடன் வருகிறது, அதற்கு முன் லதா இருந்தது, லினக்ஸில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். சில திருத்திகள் தேர்ந்தெடுத்த ஒரே எழுத்துருவைத் தவிர வேறெதையும் தேடிப் பார்ப்பதில்லை. அவற்றில் மட்டும் அமைப்புகளுக்குள் போய் எழுத்துருவைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

சீன, கொரிய எழுத்துகள் போன்றவை கலந்து தெரிகின்றன

கோப்பு யூடிஎஃப்-16 முறையில் இருக்கிறது; அதன் பைட் வரிசை தலைகீழாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் இரண்டு பைட். அவற்றில் ஒன்று எப்போதும் 11. அந்த இரண்டையும் இடம் மாற்றினால் ‘க’ ஒரு சீன எழுத்தின் எண்ணாகவும், ‘ம’ ஒரு கொரிய அசையின் எண்ணாகவும், ‘த’ தென்மேற்குச் சீனாவில் வழங்கும் யீ எழுத்து ஒன்றின் எண்ணாகவும் ஆகிவிடுகின்றன. எனவே மூன்று எழுத்துமுறைகளும் ஒரே வரியில் விரவி வந்தால், மொழி மாறிவிட்டதோ என்று மயங்காமல், திருத்தியின் குறியாக்கப் பட்டியலில் ‘யூடிஎஃப்-16 எல்இ’, ‘யூடிஎஃப்-16 பிஇ’ என்ற இரண்டு பைட் வரிசைகளையும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்துப் பார்க்கவும். ஒன்றில் தமிழ் தெளிந்து வரும். யூடிஎஃப்-16 இல் உள்ள ஆங்கில உரையை ஒற்றைப் பைட் அட்டவணையால் படித்திருந்தால், ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி அல்லது சிறு கட்டம் தெரியும்.

பழைய நோட்பேட் சேமிப்புப் பட்டியலில் ‘யூனிகோட்’ என்று பொதுப்படையாக எழுதியிருந்தது இந்த யூடிஎஃப்-16 தான். தமிழுக்கு யூனிகோட் வேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள் நல்லெண்ணத்தோடு அதைத் தேர்ந்தெடுத்ததால் இத்தகைய கோப்புகள் ஏராளமாக உலவுகின்றன. திறந்து சரிபார்த்த உடனேயே யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்துவிடுவது நல்லது. தேடும் கருவிகள் பல யூடிஎஃப்-16 கோப்பை உரையாகவே ஏற்பதில்லை.

மேற்குறி இல்லாத வெறும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் பொருளற்றுத் தெரிகின்றன

இது குறியாக்கத் தேர்வால் தீராது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ‘ஜே, கே, பி, ஓ’ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதே எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகவும், இல்லாத கணினியில் இந்தக் கோவையாகவும் அது தெரிகிறது.

பாமினியை நிறுவிப் பார்ப்பது கோப்பில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு மட்டுமே உதவும். எளிய உரைக்கோப்பு எழுத்துருவின் பெயரைச் சுமந்து செல்வதில்லை என்பதால், அடுத்த கணினியில் மீண்டும் இதே நிலைதான். எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. மாற்றுவதற்கு முன், உரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள், இணைய முகவரிகள் இருந்தால் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது மாறுவேடமிட்ட தமிழ் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும்.

திஸ்கி, 1999 ஆம் ஆண்டு சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் ஆகிய தமிழ்க் குறியாக்கங்கள் இதற்கு அடுத்த தலைமுறை. திஸ்கியிலும் டாபிலும் ஆங்கிலம் அப்படியே இருக்கும், தமிழ் மட்டும் மேற்குறி லத்தீனாகத் தெரியும். முதல் அறிகுறியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. மேற்குறி இட்ட ‘ஏ’யும் பதிவுக்குறியும் சேர்ந்த இரட்டை சீராகத் திரும்ப வராமல், எழுத்துகள் பலவகையாக இருந்தால் திஸ்கி அல்லது டாப் என்று ஐயுறலாம். லினக்ஸ் வழங்கல்களில் வரும் ஐகான்வ் திஸ்கியை நேரடியாகவே அறியும்.

எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் புள்ளிவட்டம் இடையில் வருகிறது; அல்லது கண்ணெதிரே உள்ள சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை

இரண்டும் வெவ்வேறு தொல்லைகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: உரை கண்ணுக்குச் சரியான வரிசையிலும், கோப்பில் வேறு வரிசையிலும் உள்ளது.

யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் வர வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் கோப்பில் ‘க’ தான் முன்னால் நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து சரியாக மாற்றப்படாத உரையில் கொம்பு முன்னால் பதிவாகியிருந்தால், அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்ட எழுத்தில்லாதபோது புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும். இதை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவதைவிட, சரியான மாற்றியில் மூல உரையை மறுபடி செலுத்துவது மேல்.

‘கொ’ என்ற எழுத்தை எழுத இரண்டு வழி உண்டு: ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போது மட்டும் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. யூனிகோட் இவ்விரண்டையும் சமம் என்றே வகுத்திருக்கிறது; ‘என்எஃப்சி’ என்ற சீராக்கத்தைக் கோப்பு முழுவதும் ஒருமுறை செய்தால் எல்லாம் ஒற்றை வடிவுக்கு வந்துவிடும். சீராக்கம் தீர்க்காத ஒரு பிழையும் இருக்கிறது: ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’ என்ற மெய்யும் இட்டு எழுதுவது. ‘ஔவை’க்கு ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவதும் இதுவே. கணினிக்கு அவை முற்றிலும் வேறு சொற்கள். ‘ஸ்ரீ’யும் அவ்வாறே: ‘ஶ’ என்ற எழுத்து 2005 இல் யூனிகோடில் சேர்ந்த பிறகு, ஒரே தோற்றத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டுகள் புழக்கத்தில் உள்ளன. ஓர் ஆவணத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், இரண்டும் கலந்திருக்கக் கூடாது.

முழு உரையும் ஒரே வரியில் ஓடுகிறது. அல்லது வரிகளுக்கு இடையில் தேவையற்ற வெற்றுவரி, விசித்திரக் குறி

வரி முடிந்தது என்று சொல்ல விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளை எழுதுகிறது. லினக்ஸும் இன்றைய மேக்கும் 10 மட்டும். மேக் ஓஎஸ் 9 வரையிலான பழைய மேக் 13 மட்டும். 2018 வரையிலான நோட்பேட் 13, 10 இணைந்து வந்தால்தான் வரியை முறிக்கும். எனவே லினக்ஸில் எழுதிய கோப்பு அதில் ஒரே நீண்ட வரியாகத் தெரியும். மறுதிசையில், விண்டோஸ் கோப்பை லினக்ஸில் திறந்தால் சில கருவிகளில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் தொப்பிக்குறியும் ஆங்கில ‘எம்’மும் தெரியும்.

திருத்தியின் கீழ்ப்பட்டையில் ‘எல்எஃப்’ (10 மட்டும்), ‘சிஆர்எல்எஃப்’ (13, 10) என்று தெரிவதைச் சொடுக்கி மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும். பல கோப்புகளானால் ‘டாஸ்2யூனிக்ஸ்’ கருவி நொடியில் முடிக்கும். யாருடைய கணினி என்று தெரியாத நிலையில் எதைத் தேர்வது? மிகப் பழைய விண்டோஸில் படிக்கப்படும் வாய்ப்பு இருந்தால் 13, 10. மற்றபடி 10 மட்டும் போதும். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருப்பதுதான் மோசமான நிலை. இரண்டு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய கோப்புகளில் இது நேர்கிறது. வரிகள் சில இடங்களில் மட்டும் இணைந்தோ விலகியோ தெரிந்தால் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வரிகள் பாதியில் முறிகின்றன. அல்லது வலப்பக்கம் எல்லையின்றி ஓடுகின்றன

எண்பது எழுத்து அகலம் என்ற வழக்கம் 1928 இல் ஐபிஎம் கொண்டுவந்த எண்பது நிரல் துளையட்டையில் தொடங்கி, முனையத் திரைகள் வழியாக இன்றுவரை வந்திருக்கிறது. மின்னஞ்சல் தரமும் ஒரு வரியை 78 எழுத்துக்குள் வைக்கப் பரிந்துரைத்து, 998 ஐ மீறக் கூடாத எல்லையாக வைக்கிறது. இதனால் ஆங்கில உரைக்கோப்புகளில் 72 எழுத்துக்கு ஒருமுறை எண்டர் விசையை இட்டு வரியைக் கட்டும் பழக்கம் உண்டு. அப்படிக் கட்டிய உரையை அதைவிடக் குறுகிய கைபேசித் திரையில் பார்த்தால், நீண்ட வரி, இரண்டு சொல் வரி, மீண்டும் நீண்ட வரி என்று பல்வரிசை போலத் தெரியும்.

தமிழ் உரைக்கு என் பரிந்துரை: பத்திக்குள் எண்டர் இடவே வேண்டாம். ஒரு பத்தி ஒரு வரி. பத்திகளுக்கு இடையில் ஒரு வெற்றுவரி. திரையின் அகலத்துக்கு ஏற்ப மடிப்பதைப் படிக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தமிழில் 72 எழுத்து என்று எண்ணுவதற்கே நிலையான அளவு கிடையாது. ‘கொ’ ஓர் எழுத்தா, இரண்டா, மூன்றா என்பது எண்ணும் மென்பொருளைப் பொறுத்தது. வரி வலப்பக்கம் ஓடிப்போனால் திருத்தியில் ‘வேர்ட் ராப்’ அணைந்திருக்கிறது. அதைப் போட்டால் முடிந்தது, கோப்பைத் தொட வேண்டியதில்லை.

அட்டவணையின் நிரல்கள் நேராக நிற்கவில்லை

எளிய உரையில் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நிரல் அமைப்பது, எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில்தான் நிற்கும். சமஅகல எழுத்துரு என்று பெயர் பெற்றவற்றிலும் அந்தச் சமத்துவம் ஆங்கிலத்துக்கே. தமிழ் வடிவங்கள் பெரும்பாலும் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்குவதும் இல்லை. எனவே ஒரு கணினியில் பாடுபட்டு நேராக்கிய தமிழ் அட்டவணை அடுத்த கணினியில் கோணும் என்பதில் ஐயமே வேண்டாம்.

டேப் விசையும் முழுத் தீர்வாகாது. மரபுப்படி ஒரு டேப் எட்டு நிரல்களுக்கு ஒருமுறை நிற்கும். ஆனால் திருத்திகள் பலவும் நான்கு என்றோ இரண்டு என்றோ வைத்திருக்கின்றன. டேப்பும் இடைவெளியும் கலந்த கோப்பு, எழுதியவருடைய திரையில் மட்டுமே நேராக இருக்கும்.

அட்டவணையின் செய்தியைத் தோற்றத்திலிருந்து பிரிப்பதே இங்கு சரியான வழி. ஒரு பதிவுக்குரிய விவரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, ‘பெயர்:’, ‘அளவு:’, ‘தேதி:’ என்று தலைப்போடு எழுதி, பதிவுகளுக்கு இடையில் வெற்றுவரி விடலாம். எந்த எழுத்துருவிலும் எந்த அகலத்திலும் இது குலையாது. நிரலாகவே வேண்டுமென்றால், புலங்களுக்கு இடையில் ஒரே ஒரு டேப் இட்டு, நேராகத் தெரிகிறதா என்று கவலைப்படாமல் கொடுத்துவிட வேண்டும். பெறுபவர் விரிதாளில் ஒட்டினால் நிரல்கள் தாமே அமையும். எண்கள் மட்டுமே கொண்ட சிறு அட்டவணைக்கு மாத்திரம் இடைவெளியால் நேராக்குவது ஓரளவு தாங்கும்.

கோப்பின் தொடக்கத்தில் மட்டும் மூன்று விசித்திரக் குறிகள். அல்லது மேற்கோள் குறிகள் மட்டும் சிதைந்துள்ளன

தொடக்கத்தில் இரண்டு புள்ளி இட்ட லத்தீன் ‘ஐ’, இரட்டைக் கோணக்குறி, தலைகீழ் வினாக்குறி ஆகிய மூன்றும் தெரிந்தால் அவை பைட் வரிசைக் குறி (சுருக்கமாக ‘பாம்’) எனப்படும் 239, 187, 191. படிக்கும் உரைக்கு அது தீங்கில்லை. நிரல் கோப்பின் முதல் வரியைக் கெடுத்துவிடும். ‘பாம் இல்லாத யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் நீங்கும். எக்செலில் நேரடியாகத் திறக்கப்படும் சிஎஸ்வி கோப்பு இதற்கு விலக்கு: தமிழ் சரியாகத் தெரிய அங்கே அந்தக் குறி இருப்பதே உதவுகிறது.

வளைந்த மேற்கோள்களும் நீள்கோடும் சொற்செயலியிலிருந்து ஒட்டும்போது உள்ளே வருபவை. உரை முழுக்க யூடிஎஃப்-8 ஆக இருந்தால் அவையும் சரியாகவே தெரியும். அவை மட்டும் சிதைந்திருந்தால், ஒரு பகுதி விண்டோஸ்-1252 பைட்டுகளாகவே ஒட்டப்பட்டிருக்கிறது. நேர் மேற்கோளாகவும் சாதாரண இணைகோடாகவும் மாற்றிவிட்டால் எந்தப் பழைய கணினியிலும் தொல்லையில்லை. ஆஸ்கி என்ற 128 குறிகள் யூடிஎஃப்-8 உட்படப் பெரும்பாலான குறியாக்கங்களில் அதே எண்ணில் இருப்பதே காரணம். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் 160 என்ற எண்ணுள்ள முறியா இடைவெளி ஒளிந்திருக்கும். சொல்லுக்கு நடுவே இடைவெளி இருந்தும் தேடல் பொருந்தாவிட்டால் அதைத் தேடிச் சாதாரண இடைவெளியாக மாற்றவும்.

முதல் வரியிலேயே நெளிவு அடைப்பும் பின்சாய்கோடும் ‘ஆர்டிஎஃப்’ என்ற எழுத்துகளும் தெரிகின்றன

இது எளிய உரையே அல்ல. மேக்கின் டெக்ஸ்ட்எடிட் முன்னிருப்பாக வடிவமைப்புடன் கூடிய உரையைச் சேமிக்கிறது. ‘ஃபார்மட்’ பட்டியலில் ‘மேக் ப்ளெயின் டெக்ஸ்ட்’ தேர்ந்தெடுத்து மீண்டும் சேமிக்க வேண்டும். கோப்புப் பெயரின் பின்னொட்டை மட்டும் மாற்றினால் உள்ளடக்கம் மாறாது.

என் கணினியில் சரி. உலாவியில் மட்டும் குப்பை

வழங்கி கோப்பை அனுப்பும்போது அதன் குறியாக்கத்தைத் தலைப்பில் சொல்லவில்லையென்றால், உலாவி விண்டோஸ்-1252 என்று கருத இடமுண்டு. விளைவு முதல் அறிகுறியேதான். கோப்பைத் திருத்தி இதைத் தீர்க்க முயல வேண்டாம். ‘டெக்ஸ்ட்/ப்ளெயின்’ என்ற வகையோடு ‘சார்செட் யூடிஎஃப்-8’ என்று சேர்த்து அனுப்பும்படி வழங்கியின் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். அந்த அமைப்பைத் தொட முடியாதவர்கள் கோப்பின் முன்னால் பைட் வரிசைக் குறியைச் சேர்க்கலாம்; உலாவிகள் அதை மதிக்கின்றன.

அனுப்பும் முன் செய்யும் சோதனை

கடைசி வரியின் முடிவிலும் ஓர் எண்டர் இருக்கட்டும். அது இல்லாத கோப்பை இன்னொன்றோடு இணைத்தால், இதன் கடைசி வரியும் அதன் முதல் வரியும் ஒட்டிக்கொள்ளும். கோப்புப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்து, எண், இணைகோடு ஆகியவற்றால் அமைப்பது பாதுகாப்பானது. தமிழ்ப் பெயர் வைக்க விரும்பினால் சுருக்கமாக வையுங்கள், ஏனென்றால் லினக்ஸில் வழக்கமான 255 பைட் எல்லைக்குள் 85 தமிழ்க் குறியெண்களே அடங்கும்.

பிறகு ஐகான்வ் கட்டளைக்கு மூலம், இலக்கு இரண்டையும் யூடிஎஃப்-8 என்றே கொடுத்து ஓட்டுங்கள். எங்கேனும் பொருந்தாத பைட் இருந்தால் அது நிற்கும் இடத்தைச் சொல்லும். பிழையின்றி முடிந்தால், அந்தக் கோப்பை நீங்கள் எழுதாத வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து, ஔகாரமும் கொம்பும் புள்ளியும் உள்ள வரி ஒன்றை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அனுப்பலாம். அழுத்திய (ஜிப்) கோப்பாக இணைத்து அனுப்பினால் இடையில் எந்த அஞ்சல் மென்பொருளும் வரிமுடிவுகளை மாற்றாது.